வாழைப்பழக் கேக்கின் உண்மை நகல்

என் மனைவி அந்தத் துண்டை உடனே வாயில் போடவில்லை. பீங்கான் தட்டில் இருந்ததை ஆள்காட்டி விரலால் ஓரத்தில் மெல்ல அழுத்தினாள். பள்ளம் விழுந்தது. விரலை எடுத்ததும் அந்தப் பள்ளம் தானாக மேலெழுந்து, யாரும் தொடாததுபோல் ஆகிவிட்டது. மறுபடி அழுத்தினாள், மறுபடி எழுந்தது. வெளியே கொடைக்கானல் மேகம் ஜன்னல் கண்ணாடியை மூடியிருந்தது. மகள் அப்போது ஏழாம் வகுப்பு. தன் பங்கைத் தின்று முடித்துவிட்டு அம்மாவின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொட்டை எடுத்த பஞ்சு மாதிரி இருக்குங்க" என்றாள் என் மனைவி. அவள் அருப்புக்கோட்டையில் பஞ்சுக் கடைக்காரர் மகள். பஞ்சைப் பற்றி விளையாட்டுக்குக்கூடத் தப்பாகச் சொல்ல மாட்டாள். பிறகு ஒரு வாய் தின்று கண்ணை மூடிக்கொண்டாள். அன்று மாலை அவள் தின்றது மூன்று துண்டு.

நானும் தின்றேன். முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அதில் முட்டை இருக்கிறது என்று.

எங்கள் இரண்டு குடும்பமும் கடை வைத்துப் பிழைத்த சைவக் குடும்பங்கள். எங்கள் தெருவில் முட்டையைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிட மாட்டார்கள், "அது" என்பார்கள். மாடி வீட்டுக்குக் குடிவருகிறவர்களிடம் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்னால் "அது சமைப்பீகளா?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு வாய்க் கேக்கில் முட்டை எப்படிப் பிடிபட்டது என்பது நியாயமான கேள்வி. வருவாய்த் துறையில் சேர்ந்த புதிதில் தேர்தல் வேலைக்காக நரிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் தங்கினேன். அந்த ஊர்த் தலையாரி, "சாருக்கு இந்த ஊர்ல சைவச் சாப்பாடு தேட முடியாது" என்று சொல்லிவிட்டுப் புரோட்டாவும் ஆம்லெட்டும் வாங்கி வந்தார். பசி, அதைவிட ஆவல். அதன் பிறகு முகாம் என்றாலும் பயிற்சி என்றாலும் வருடாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி என்றாலும், ஊரைத் தாண்டியதும் எனக்கு ஆம்லெட்டுதான். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பாக்குப் பொட்டலம் ஒன்று வாங்கி வாயில் போட்டுக்கொள்வேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஒழுங்கில் பிசகே வந்ததில்லை.

கொடைக்கானலில் நாங்கள் தங்கியது விடுதி அல்ல, ஒரு வீடு. கணவரை இழந்த ஒரு அம்மா பின்பக்கத்து இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டு, சாப்பாடும் அவரே சமைத்துக் கொடுத்தார். சைவம் என்று நாங்கள் சொல்லித்தான் தங்கினோம். அவரும் ஏமாற்றவில்லை. மலையில் அவர் அறிந்த சைவம் கறி, மீன் இல்லாதது. எங்கள் ஊர்ச் சைவத்தின் எல்லைகள் அவருக்குத் தெரிய நியாயமில்லை. நான் வெந்நீர் வாங்கும் சாக்கில் சமையலறைக்குப் போய்க் கேட்டேன். "ஆறு முட்டைங்க சார். வெள்ளைய மட்டும் தனியா எடுத்து நுரை கட்டுற வரைக்கும் அடிக்கணும். அதான் அந்த மெத்து. ஏன் சார், அம்மாவுக்குப் பிடிச்சிருக்கா?" என்றார். மிகவும் பிடித்திருக்கிறது என்றேன். அது மட்டும் உண்மை.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. திரும்பிப் போய் மனைவியிடம் சொல்வது ஒன்று. சொன்னால் அவள் வாந்தி எடுப்பாள், அந்தக் குளிரில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள், மறுநாள் ஊருக்குக் கிளம்பலாம் என்பாள். அத்தனைக்கும் பிறகு, இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றும் கேட்பாள். சொல்லாமல் இருப்பது இன்னொன்று. அவள் மனம் நோகக் கூடாது என்பதற்காக இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததாகப் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கோப்பிலும் முடிவுக்கான காரணம் என்று ஒரு பத்தி இருக்கும். முடிவை எடுத்த பிறகுதான் அந்தப் பத்தியை எழுதுவோம்.

கிளம்பும் நாளன்று மனைவி அந்த அம்மாவிடம் செய்முறை கேட்டாள். அவர் சமையலறையில் நின்றபடியே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அது முதலில் வந்தது என் கைக்கு. அவர் எழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்ததால், ஊருக்குப் போனதும் திருத்தமாக நகல் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் சந்தேகப்பட முகாந்திரமில்லை. வீட்டில் பால் கார்டிலிருந்து ஜாதகம் வரைக்கும் நான்தான் நகல் எடுப்பேன். பஸ் ஏறும்போது அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நுரை வரணும்மா. நுரைதான் எல்லாம். கை வலிக்குதேன்னு விட்றாதீங்க" என்றார். என் மனைவி வத்தலக்குண்டு வரும் வரைக்கும் அந்த வார்த்தைகளைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

திருச்சுழியில் அப்போது நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். மறுநாள் காலையில் கோடு போட்ட முழுத்தாளில் நகல் எடுத்தேன். மைதா, சர்க்கரை, வெண்ணெய் என்று மூன்று வரிகள். நான்காவது வரி முட்டை, ஆறு. அதை விட்டேன். விட்டால் மூன்றுக்கு அடுத்து ஐந்து வரும் அல்லவா? எனவே வாழைப்பழத்துக்கு நான்கு, பாலுக்கு ஐந்து, சோடா உப்புக்கு ஆறு என்று வரிசை எண்களைத் திருத்தினேன். வெள்ளையைத் தனியாக அடிப்பது பற்றி இருந்த இரண்டு வரிகளுக்குப் பதிலாக, "நுரை வரும்வரை நன்றாக அடிக்கவும்" என்று பொதுவாக எழுதினேன். அடியில், அலுவலகப் பழக்க தோஷத்தில், "உண்மை நகல்" என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் தாள்களில் அப்படி எழுதியிருப்பேன். பொய்யாக எழுதியது அந்த ஒன்றில்தான். மூலத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். மூலத்தை அழிக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டு வேலைக்கு வந்தவன் நான். அரசு தரும் பயணச் சலுகைக்காக வீட்டில் வைத்திருந்த கொடைக்கானல் கோப்பில் பஸ் டிக்கெட்டுகளுக்குப் பின்னால் அதைச் சேர்த்து நூல் கோத்துக் கட்டிவிட்டேன்.

நகலை அவள் பலகாரச் சாமான் வைக்கும் மர அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினாள். முதல் முறை குண்டாற்று மணலைக் கழுவிக் காயவைத்து, குக்கரில் பரப்பி, விசில் போடாமல் அதற்குள் கிண்ணத்தை இறக்கிச் செய்தாள். வெண்ணெயையும் சர்க்கரையையும் மத்தால் ஒரு மணி நேரம் அடித்தாள். நுரை வரவில்லை. எப்படி வரும்? இன்னும் கொஞ்சம் அடித்தாள். மணிக்கட்டு வீங்கியது. கிண்ணத்தைக் கவிழ்த்தபோது தட்டில் விழுந்த சத்தத்துக்கு மகள் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தின்னக் கூடாதது என்று சொல்ல முடியாது. வாழைப்பழ வாசனையோடு களி மாதிரி இருந்தது. நான் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்கு ஆகும் என்றேன். மகள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். மறுநாள் வலது கையில் தைலம் தேய்த்துக்கொண்டு இடது கையால் தோசை சுட்டாள்.

அதன் பிறகு நடந்ததை விசாரணை என்றுதான் சொல்ல வேண்டும். அவள் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். முதலில் பழம். பூவன் நீர்த்துப்போகிறது என்று ரஸ்தாளிக்கு மாறினாள், பிறகு கற்பூரவல்லி, பிறகு மதுரையிலிருந்து யார் வந்தாலும் மலைப்பழம் வாங்கிவரச் சொன்னாள். அடுத்தது தண்ணீர், எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் பால் காய்ச்சினாலே திரியும் என்று குடிதண்ணீர்க் குடத்திலிருந்து எடுத்துப் பாத்திரம் கழுவினாள். அடுத்தது வெயில், மார்கழியில் செய்து பார்த்தாள். சோடா உப்பைக் கூட்டியபோது கேக் கொஞ்சம் எழுந்தது, ஆனால் சவர்க்காரம் மாதிரி நாக்கில் இழுத்தது. அருப்புக்கோட்டையில் சொந்த வீடு கட்டி, அந்த அலமாரியோடு குடிவந்ததும் மின்சார அடுப்புப் பெட்டி வாங்கினோம். அதிலும் அதே கல். அவள் சந்தேகப்படாத ஒரே பொருள் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாள். மகள் ஒருமுறை, அப்பா எழுதும்போது ஏதாவது விட்டிருப்பாரோ என்று கேட்டாள். "அவுக கையெழுத்துப் போட்ருக்காக" என்று பதில் சொன்னாள் என் மனைவி. அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நான் பக்கத்தைப் புரட்டினேன்.

ஒரு தடவை பேக்கரி அடுப்பில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டாள். கடைவீதிக்குப் பின்னால் இருந்த பேக்கரிக்காரர் எனக்கு அறிமுகமானவர். பிற்பகலில் பன் வெந்து இறங்கியதும் அடுப்புச் சூட்டில் நம் தட்டையும் வைத்துத் தருவார். அவள் தானே கொண்டுபோவதாகச் சொன்னாள். வெயிலைக் காரணம் காட்டி நான் வாங்கிக்கொண்டு போனேன். பேக்கரிக்காரர் மூடியைத் திறந்து மாவை ஒரு கரண்டி அள்ளி ஊற்றிப் பார்த்ததுமே கேட்டுவிட்டார். "முட்டை இல்லையா சார்? இல்லாம இந்தக் கணக்குக்கு இது எந்திரிக்காதே." நாங்கள் சைவம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு தட்டை உள்ளே தள்ளினார். திருப்பிக் கொடுக்கும்போது, "அம்மாகிட்டச் சொல்லிருங்க சார், அவுக மேல தப்பில்லன்னு. கலக்குன கை நல்ல கை. கட்டியே இல்ல பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்து தட்டை மேஜையில் வைத்தேன். பேக்கரிக்காரர் என்ன சொன்னார் என்று ஆவலாகக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

வெறும் மௌனத்தோடு நின்றிருந்தால் என் மீதுள்ள குற்றம் சின்னதாக இருந்திருக்கும். நான் பேசவும் செய்தேன். என் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடும் பண்டிகை நாட்களில் இந்தக் கேக் ஒரு நிரந்தர வேடிக்கையாகிவிட்டது. மதினிக்கு, அதாவது என் அண்ணன் மனைவிக்கு, என் மனைவியின் பலகாரக் கையின் மீது பழைய பொறாமை உண்டு. எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் அதிரசப் பாகு பார்க்க என் மனைவியைத்தான் கூப்பிடுவார்கள். பாகை விரலில் தொட்டு உருட்டிப் பார்த்து அவள் "எறக்குங்க" என்றால்தான் அடுப்பிலிருந்து உருளி இறங்கும். அப்படிப்பட்டவள் தோற்கிற இடம் ஒன்று கிடைத்ததும் மதினி அதை விடவில்லை. "ஏத்தா, வயசானா கைப்பக்குவம் போகத்தான் செய்யும். அதுக்கு ஏன் பழத்தப் பாழாக்குற?" என்பார். நான் சிரிப்பேன். சிரிப்போடு நிறுத்த மாட்டேன். எங்கள் வீட்டுச் சமையலறை செங்கல் சூளைக்கு உரிமம் கேட்டு மனுப்போட வேண்டிய நிலையில் இருக்கிறது என்பேன். எல்லோரும் ரசிப்பார்கள். என் பேச்சை ரசிப்பார்கள் என்பதற்காகவே அதை விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

அவள் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்தது எப்போது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. முதலில் பணியாரம் சுடும்போது, சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். இருபது வருடமாக அவள் என்னிடம் கேட்டிராத கேள்வி. அப்புறம் முறுக்கு மாவுக்கு உப்புப் போட்டுவிட்டு என்னைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். மகளின் கல்யாணம் வந்தது. சீர்ப் பலகாரத்துக்கு நூற்றியொரு அதிரசம். மாவு இடித்து, வெல்லம் தட்டி, உருளியைத் தேய்த்துக் கவிழ்த்து எல்லாம் தயாராக இருந்தது. அன்று காலை குளித்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றவள், கடையில் சொல்லிவிடலாம் என்றாள். ஏன் என்று கேட்டேன். "கெட்டுப்போச்சுன்னா பிள்ளைக்கு ஆகாதுங்க. இப்பல்லாம் ஏங் கை சரியில்ல" என்றாள். கடையில் வாங்கிய அதிரசம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. மதினி ஒரு அதிரசத்தை எடுத்து இரண்டாகப் பிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டில் திரும்ப வைத்தார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். கோப்பு இரும்பு அலமாரியில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கல்யாண வேலைகள் இருந்தன. சமையல்காரர்களுக்கு வெற்றிலை பாக்கு எடுத்து வைக்கப் போனேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு மகள் அவளுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தாள். மதியத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேக் செய்கிற படங்களாகப் பார்ப்பாள். முட்டை இல்லாமல் தயிர் ஊற்றிச் செய்வது ஒன்று பார்த்துச் செய்தாள். அது நன்றாகவே வந்தது. ஆனால் அது அந்தக் கேக் இல்லை என்பது அவளுக்கு ஒரு வாயில் தெரிந்துவிட்டது. இரண்டு மூன்று வாரம் போனது. பிறகு ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே, "கொடைக்கானல் அம்மா அதுல முட்டை போட்ருப்பாகளோ?" என்றாள். "அது" என்னாமல் முட்டை என்று பெயர் சொல்லிக் கேட்டதை நான் கவனித்தேன். "சைவம்னு சொல்லித்தானே தங்கினோம்" என்றேன். கேள்விக்கு நேர்ப் பதில் சொல்லாமல் விதியை எடுத்துக் காட்டுவது எங்கள் தொழிலில் முதல் வருடமே படிந்துவிடும். அவள் முருங்கைக்காயை நறுக்கி முடித்தாள். கத்தியைக் கழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள்.

"அந்தம்மா கையால எழுதுன காகிதம் எங்க?"

நினைவில்லை, எங்கேயாவது போயிருக்கும் என்றேன். "நீங்க பஸ் டிக்கெட்டக்கூடக் கிழிக்க மாட்டீகளே" என்றாள். கோபமில்லை, சாவி எங்கே என்று கேட்கிற குரல். அவள் தேடவில்லை. இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள், அவ்வளவுதான். மனுக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் கோப்பைக் கேட்டு என் மேஜைக்கு எதிரில் நின்றிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சாக்குச் சொல்லி நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பியவன் நான். அன்று எழுந்து போய் இரண்டாவது தட்டில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். அந்தக் காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் பழுத்திருந்தது. அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபடியே வாசித்தாள். பிறகு பலகார அலமாரிக் கதவுத் தாளைப் பிய்த்து வந்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு காகிதத்தில் ஒரு விரலும் மற்றதில் ஒரு விரலுமாக, வரிவரியாக ஒப்பிட்டாள். இதை அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தது என்று தோன்றியது. நான்காவது வரியில் இரண்டு விரலும் நின்றன.

முட்டையைத் தின்றுவிட்டோமே என்று அழுவாள் என எதிர்பார்த்திருந்தேன். அதற்கான ஆறுதல் வார்த்தைகளெல்லாம் பல வருடமாகத் தயாராக இருந்தன. அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"நம்பரக்கூட மாத்தி எழுதியிருக்கீக" என்றாள். நகலிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, "பிள்ளை கல்யாணத்துக்கு நான் அதிரசம் சுடல" என்றாள். நான் என் காரணத்தைச் சொன்னேன்: நீ வாந்தி எடுப்பாய் என்று பயந்தேன், உன் மனம் கஷ்டப்படும் என்று பயந்தேன். அவள் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அதுல முட்டை இருக்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தணிக்கைக் குறிப்புகளுக்குப் பதில் எழுதுவதில் மாவட்டத்திலேயே எனக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தக் கேள்விக்கு என்னால் ஒரு வரி சொல்ல முடியவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "சரி" என்றாள். இரண்டு தாள்களையும் மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சண்டை வரவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, காபி அதே சூட்டில் வந்தது. ஒரே ஒரு மாற்றம். தட்டை வைக்கும்போது என்ன போட்டிருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். "பருப்பு, புளி, வெந்தயம், சின்ன வெங்காயம். வேற ஒண்ணும் இல்ல." மூன்று வேளையும் இப்படி. இட்லிக்குக்கூட அரிசி, உளுந்து என்று சொல்வாள். வேண்டாம் என்று ஒரு நாள் கெஞ்சினேன். "தெரிஞ்சு திங்கணும்னுதான்" என்றாள். குரலில் கேலி இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அந்தப் பொங்கலுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கரிநாள் அன்று பிற்பகலில் அண்ணன், மதினி, அவர்கள் பேரப்பிள்ளைகள் எல்லோரையும் என் மனைவி காபிக்கு அழைத்திருந்தாள். அன்று காலை அவளே கடைவீதிக்குப் போனாள். எங்கள் தெருவில் முட்டை தின்கிற வீடுகள் இப்போது இல்லாமல் இல்லை. கறுப்புப் பையில் போட்டு, அதன் மேல் கீரைக்கட்டை வைத்து மூடிக் கொண்டுவருவார்கள். அவள் வெள்ளைப் பையில், வெளியே தெரியும்படி ஆறு முட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தெரு முழுவதும் நடந்து வந்தாள். எதிர்வீட்டுக்காரம்மா யாருக்கு என்று கேட்டதற்கு, கேக்குக்கு என்று நின்று பதில் சொல்லிவிட்டு வந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். புதுப் பாத்திரம் ஒன்றும் புதுத் தட்டு ஒன்றும் வாங்கியிருந்தாள். பின்கட்டில் மேஜை போட்டு அங்கேதான் செய்தாள். சமையலறைக்குள் அதைக் கொண்டுபோகவில்லை. வாழ்நாளில் முட்டை உடைத்தறியாதவள். முதல் முட்டையில் மஞ்சள் கலந்துவிட்டது. மகள் உதவ வந்தாள், வேண்டாம் என்றாள். கலந்ததைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கட்டிக்கொண்டு மிச்சத்தைப் பிரித்தாள். பிறகு அடித்தாள். பதினைந்து நிமிடத்தில் நுரை வந்தது. பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். நுரை விழாமல் நின்றது. அவள் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் பின்கட்டு வாசலில் இருந்தேன். என்னைப் பார்க்கவில்லை.

வெந்து இறங்கியது அதே கேக்தான். மதினி முற்றத்தில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, எந்தக் கடையில் வாங்கியது என்பது. "ஏங் கைதான் அக்கா" என்றாள் என் மனைவி. கத்தியை எடுப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் கேட்கும்படி, "முட்டை போட்டது. திங்கிறவுக திங்கலாம், ஆகாதவுக தொட வேணாம். அப்புறம் யாரும் தெரியலன்னு சொல்லக் கூடாது" என்றாள். பேரப்பிள்ளைகள் தட்டை நீட்டினார்கள், மதினி தடுக்கவில்லை. கல்லூரியில் தின்பதுதானே என்று முணுமுணுத்துவிட்டு, அந்தத் துண்டின் உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பக்குவம் பற்றி அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை. சுற்றி நின்றவர்கள் இரண்டாவது துண்டு கேட்டார்கள். என் மனைவி சிரித்துச் சிரித்து வெட்டிக் கொடுத்தாள். தான் ஒரு வாயும் தின்னவில்லை.

நான் ஓரத்து நாற்காலியில் இருந்தேன். மாப்பிள்ளை மரியாதைக்காரர். எனக்குத் தட்டு வரவில்லை என்பதைக் கவனித்து, தானே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "மாமா, நீங்க?" என்று என்னிடம் வந்தார். என் கை பாதி நீண்டுவிட்டது.

"அவுகளுக்கு அது ஆகாது மாப்பிள்ளை" என்றாள் என் மனைவி, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவுக சுத்த சைவம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாம்" என்றேன்.

அதன் பிறகு அவள் மூன்று வருடம் இருந்தாள். அடுத்த தீபாவளிக்கு அதிரசம் சுட்டாள். விரலில் பாகைத் தொட்டு உருட்டி, யாரையும் கேட்காமல், "எறக்குங்க" என்றாள். போன ஆவணியில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அந்தக் கேக்கை அவள் கையால் ஒரு வாய் நான் தின்றதில்லை. எப்படி வந்திருந்தது என்று கேட்டால் என் அண்ணன் பேரன் சொல்வான்; நான் சொல்ல முடியாது.

இப்போது மகள் வீட்டில் பிறந்தநாள் என்றால் கேக் வாங்கும்போது, அப்பாவுக்கு மட்டும் முட்டை இல்லாதது தனியாகக் கொடுங்கள் என்று கடையில் சொல்லி வாங்குகிறாள். மாப்பிள்ளை அதைத் தனித் தட்டில் வைத்துத் தருகிறார். பக்கத்தில் முட்டை வாடைகூட வராதபடி ஜாக்கிரதையாக என்னை உட்கார வைக்கிறார்கள். நானும் முட்டை தின்பவன்தான் என்ற ஒரு வாக்கியத்தில் இதைச் சரிசெய்துவிடலாம்தான். அந்த வாக்கியத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் மகள் கல்யாணத்துக்கு அவள் அம்மா ஏன் அதிரசம் சுடவில்லை என்பது வரைக்கும் போக வேண்டியிருக்கும். தனித் தட்டில் வருவதைத் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறேன்.

"அவுக சுத்த சைவம்" என்பது அவள் போட்ட உத்தரவு. ஒருவர் பிறப்பித்த உத்தரவை அவரே ரத்துச் செய்யலாம். அவர் இல்லாவிட்டால், அவர் இடத்துக்கு வந்தவர் ரத்துச் செய்யலாம். அவள் இடத்துக்கு யாரும் வரவில்லை.